செம்பாயி அவிழ்த்த இரண்டாம் முடிச்சு

சத்தியம்! கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையில் வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால், என் கொல்லையில் இந்த வருஷம் காய்க்கிற புடலங்காய் அத்தனையும் கல் கட்டியும் கோணலாகவே தொங்கட்டும். நிரூபிக்க முடியாது என்பது வேறு விஷயம். நடந்ததைப் பார்த்த சாட்சிகளில் முக்கால்வாசிப் பேர் கண்ணுக்கே தெரியாதவர்கள்.

அந்தக் காலத்தில் சேறும் பேசும், செடியும் பேசும். மனிதன்தான் கொஞ்சம் குறைவாகப் பேசுவான். குளத்துக்குக் கீழே மூன்றாம் மடை வயலில், ஏர்க்கொழு போய்த் தொடுகிற ஆழத்தில், மண்குடி என்று ஒரு சனம் குடியிருந்தது. படித்தவர்கள் இப்போது அவர்களைப் பாக்டீரியா என்கிறார்கள். ஒரு கடுகை ஆயிரம் துண்டாக உடைத்து, அதில் ஒரு துண்டைக் கொடுத்தால் போதும். தெரு பிரித்து, கோயில் கட்டி, மிச்ச இடத்தில் சந்தையும் போட்டுவிடும் அந்தச் சனம்.

அவர்களில் செம்பாயி என்று ஒருத்தி. பிள்ளை பெறுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காலையில் பல் விளக்கும்போது இரண்டு பிள்ளை என்றால், மத்தியானக் கஞ்சிக்கு இருநூறு பிள்ளை வந்து உட்காரும். ஏழாவது பிள்ளையோடு பேர் வைப்பதை நிறுத்திவிட்டாள். “ஏ பிள்ளை” என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். மண்குடியில் புருஷன் பெண்டாட்டி வழக்கமெல்லாம் கிடையாது. ஒருத்தி நடுவில் பிளந்தால் இரண்டு பேர், அவ்வளவுதான் பிரசவம். ஆனாலும் முறை சொல்லிக் கூப்பிடாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. பக்கத்து மண்கட்டியில் இருந்த இரும்பையா, எந்த முறையும் இல்லாமலே அவளை மதினி என்பான். அவளும் கொழுந்தனாரே என்பாள். இரண்டு பேருக்கும் கேலி செய்ய ஒரு முறை வேண்டியிருந்தது.

செம்பாயிக்கு வேலை காவல். அந்த வயலில் நின்றவள் பூங்கார் என்கிற நெல். அவளுக்குச் சோறு ஒரு வகை உப்பு. அதை ஆக்குகிறவர்கள் மேல்மண்ணில் இருந்த சனம். சாணத்தையும் மக்கிய தழையையும் வாங்கி, அதிலிருக்கும் சத்தைத் திரட்டி, அந்தச் சத்தைச் சுற்றி மூன்று மூச்சு வைத்து, மூச்சுக்கு ஒரு முடிச்சாக மூன்று முடிச்சுப் போட்டுப் பொதியாக்கி இறக்குவார்கள். வெடியுப்பு என்று நம் ஆட்கள் சொல்வதும், நைட்ரேட் என்று படித்தவர்கள் சொல்வதும் அந்தப் பொதியைத்தான். மூச்சு என்றால் காற்றில் நாம் எதை இழுத்து உயிரோடு இருக்கிறோமோ அதேதான்.

பூங்கார் சூல் கொள்ளும் பருவத்துக்காக நிறையப் பொதிகளைச் செம்பாயியிடம் கொடுத்து வைத்திருந்தாள். தண்டுக்குள் கதிர் திரளும்போது சோறு குறைந்தால் மணி பிடிக்காது, வெறும் பதர்தான் மிஞ்சும். அந்த ஆழத்தில் வெளிச்சம் ஏது? வேரின் நுனி வந்து பொதியைத் தடவி, முடிச்சு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கும். செம்பாயி கொடுத்த பொதியில் முடிச்சுக் குறைந்தது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அந்தப் பெருமையில் அவள் நடையே கொஞ்சம் அகலமாக இருக்கும்.

அவளிடம் ஒரு செம்பு இடுக்கியும் இருந்தது. தாய் பிளந்தபோது அவள் பங்குக்கு வந்த சீதனம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது; வேரில் சிக்கிய நாரை எடுக்க, பிள்ளைகளை மிரட்ட என்று வைத்திருந்தாள். இரும்பையாவிடம் இருந்தது இரும்பு இடுக்கி. செம்பு வளையும் என்று அவன் கேலி செய்வான். இரும்பு துருப்பிடிக்கும் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். எந்த இடுக்கிக்கும் வேலை வராமலே காலம் போய்க்கொண்டிருந்தது.

வயல்காரன் பேர் கொம்பையா. நல்லவன்தான், சோற்றைக் கண்டால் மட்டும் மற்றதெல்லாம் மறந்துபோகும். ஒரு நாள் காலையில் மடையைத் திறந்துவிட்டான். ஒரு நாழிகையில் அடைக்க வேண்டிய மடை. அந்த நேரம் பார்த்து, தங்கை மகளுக்கு மறுவீட்டு விருந்து என்று ஆள் வந்து கூப்பிட்டான். இதோ வந்துவிடலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன், முதல் பந்தியில் உட்கார்ந்தான். அடுத்த பந்தியிலும் உட்கார்ந்தான். மூன்று நாள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டான். மடை திறந்தே கிடந்தது.

முதல் நாள் தண்ணீர் ஏறியபோது மண்குடிக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மண்ணின் சந்துபொந்துகளில் இருந்த காற்று குமிழியாக மேலே போனதை எண்ணிப் பிள்ளைகள் கைகொட்டின. மண்புழுக்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடும்பத்தோடு வரப்பேறின. எங்கே பயணம் என்று இரும்பையா கேட்டதற்கு, மாமியார் வீட்டுக்கு என்று ஒரு புழு சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மாமியார் வீட்டுக்கு இவ்வளவு அவசரமாக யாரும் போவதில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் தண்ணீர் முழங்கால் உயரம் நின்றது. மண்ணில் மிச்சமிருந்த மூச்சைச் சனம் இழுத்துத் தீர்த்துவிட்டது. மேல்மண்காரர்கள் மூச்சில்லாமல் ஒரு முடிச்சும் போட முடியாதவர்கள்; அவர்கள் கையைக் காலை மடக்கிக்கொண்டு மயங்கிக் கிடந்தார்கள். செம்பாயியின் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. சத்தம் போட்ட தெரு சத்தமில்லாமல் போனது. “ஏ பிள்ளை” என்று கூப்பிட்டுப் பார்த்தாள்; ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

இரும்பையா மெல்ல நகர்ந்து வந்தான். பேச்சை இழுத்து இழுத்துத்தான் பேச முடிந்தது அவனால்.

“மதினி, பிள்ளையெல்லாம் மூச்சுக்கு அலையுது. நீங்க மூச்சு மூட்டை மேலயே உக்காந்துகிட்டு மூச்சில்லன்னு சொல்லுதீங்க.”

“அது பூங்காரு சோறு, கொழுந்தனாரே. நான் காவலுக்கு இருக்கேன், கை வைக்கதுக்கு இல்ல.”

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சோறு சத்துதானே, முடிச்சில் இருக்கிற மூச்சை நெல் தின்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கெட்டிக்காரன். சிலருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட எதோடு நிறுத்த வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

செம்பாயி ஒரு பொதியை மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். முதல் முடிச்சு உருவுமுடிச்சு. நகம் பட்டாலே கழன்றுவிடும். ஒரு பிள்ளையின் வாயருகே பொதியைக் கொண்டுபோய் நுனியை இழுத்தாள். ஒரு மூச்சு வெளியே வந்தது. பிள்ளை கண் விழித்து, பசிக்குது என்றது.

பொதி? பொதி அப்படியே மடியில்தான் இருந்தது. மூன்று முடிச்சுப் பொதி இரண்டு முடிச்சுப் பொதியானது, அவ்வளவுதான். நைட்ரைட் என்று இப்போது எழுதுகிறார்களே, அது. செம்பாயிக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. தண்ணீர் வடிந்து காற்று வந்ததும் மேல்மண்காரர்களைக் கூப்பிட்டு ஒரு முடிச்சைப் போட்டு வாங்கி வைத்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. அப்படி நினைத்துத்தான் அவள் எல்லாப் பொதிகளிலும் முதல் முடிச்சை உருவித் தெருவுக்கே மூச்சுக் கொடுத்தாள். அந்தப் பொழுது தப்பியது.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த மூச்சும் தீர்ந்தது. தண்ணீர் வடிகிற குறியே இல்லை. போதாததற்கு, இரண்டு முடிச்சுப் பொதி வேறு சும்மா இருக்கவில்லை. குவியலாகக் கிடந்த இடத்தில் அது காந்த ஆரம்பித்தது. பக்கத்தில் படுத்த பிள்ளைகள் உடம்பெல்லாம் எரிகிறது என்றன. பக்கத்தில் வைத்திருந்தால் எரிந்து சாவு, தூக்கி எறிந்தால் மூச்சில்லாமல் சாவு.

செம்பாயி இருந்து யோசித்தாள். இங்கேதான் அவள் தவறு செய்தாள். முட்டாளுடைய தவறு அல்ல அது. வருஷக்கணக்காகப் பொதி காத்த கைக்கு மட்டுமே வரக்கூடிய தவறு. முதல் முடிச்சை எடுத்தோம், பொதி பொதியாகவே இருந்தது. இரண்டாவதை எடுத்தாலும் ஒரு முடிச்சுப் பொதியாக மடியில் இருக்கும். பிறகு இரண்டு முடிச்சாகப் போட்டு வாங்கிக்கொண்டால் போயிற்று. அவள் வாழ்நாளெல்லாம் பொதி என்றால் கையில் இருக்கிற ஒன்று. கையில் நிற்காத பொதியை அவளும் பார்த்ததில்லை, அவள் தாயும் பார்த்ததில்லை.

இரண்டாம் முடிச்சு கடுமுடிச்சு. நகத்துக்கு அசையவில்லை. பல்லுக்கு அசையவில்லை. அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த செம்பு இடுக்கி நினைவுக்கு வந்தது. எடுத்து முடிச்சின் கழுத்தில் வைத்தாள். செய்து வைத்த மாதிரி பொருந்தியது. ஒரு திருகு.

மூச்சு வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் தலை தூக்கின. ஆனால் அவள் மடியில் கனம் இல்லை. தடவினாள், பொதி இல்லை. எதிரே ஒருவன் நின்றான்.

ஒல்லியான ஆள், இருப்புக்கொள்ளாத ஆள். தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கு ஒரு கை குறையுது. யாராவது பிடிச்சுக்கோங்க.”

யார் பிடிப்பார்கள்? அவனே ஓடிப்போய்ப் பிடித்தான். அவன் தொட்ட பிள்ளை கருகிச் சுருண்டது. உதறிக்கொண்டு அடுத்த பிள்ளையைப் பிடித்தான். அவனுக்குச் சுவரும் கதவும் ஒன்றுதான், உள்ளே புகுந்து வெளியே வந்தான். நாற்பது பிள்ளை போனபிறகு, சேற்றைப் பிளந்துகொண்டு மேலே ஏறினான். சத்து அவனிடம்தான் இருந்தது. நில்லடா, அது பூங்காரு சோறு என்று செம்பாயி பின்னாலேயே கூவினாள். தண்ணீர்ப் பரப்பில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அதற்கு மேல் வானம்தான். வானத்துக்குப் போனவனை எந்த மேல்மண்காரன் பிடித்து முடிச்சுப் போடுவான்?

அந்த ஒண்டிக்கட்டைக்குத்தான் பின்னால் நைட்ரிக் ஆக்சைடு என்று பேர் வைத்தார்கள். சேற்றில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒண்டிக்கட்டை என்றால் போதும், இரண்டு தெரு தள்ளிப் போய்விடுவார்கள்.

செம்பாயி இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பொதியைத் தெரியாமல் அவிழ்த்தாள். அடுத்ததை அவிழ்த்தால் தெரிந்தே அவிழ்ப்பது. அவிழ்க்கிற ஒவ்வொரு பொதியும் பூங்காரின் வயிற்றில் ஒரு மணி குறைவு. அவிழ்க்காத ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வீட்டுப் பிள்ளை குறைவு. அழுதுகொண்டிருக்க நேரமில்லை, அழுவதற்கும் மூச்சு வேண்டும். உயிர் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் அவிழ்ப்பது, ஒன்றுகூட அதிகம் கூடாது, பாதிப் பொதியாவது மிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்த முடிச்சில் இடுக்கியை வைத்தாள்.

இரும்பையாவும் தன் தெருவுக்காக இரும்பு இடுக்கியோடு வந்து உட்கார்ந்தான். செம்பு திறந்தாலும் இரும்பு திறந்தாலும் வெளியே வந்தவன் ஒருவன்தான், அதே கை குறைந்தவன். செம்பா இரும்பா என்கிற வழக்கு அன்றோடு தீர்ந்தது. ஒண்டிக்கட்டைகளின் தொல்லைக்கும் இரும்பையாதான் வழி கண்டுபிடித்தான். இரண்டு பேரைப் பிடித்து ஒருவன் கையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் வேறு யாரையும் தொடுவதில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேலே போய்விடுகிறார்கள். எல்லாரையும் அப்படிச் சேர்த்துவைக்க முடியவில்லை. தப்பிய சிலர் தனியாகவே போனார்கள். ஆனாலும் அன்றைக்குச் சேற்றில் நடந்த அத்தனை கல்யாணம் எந்தத் தை மாதத்திலும் நடந்ததில்லை.

நாலாம் நாள் கொம்பையா வந்து சேர்ந்தான். வெற்றிலைச் சிவப்பு வாயோடு வரப்பில் நின்று பார்த்தான். வயல் குளமாகக் கிடந்தது. மடையை அடைத்து, மண்வெட்டியால் கீழ்வரப்பை வெட்டிவிட்டான். தண்ணீர் வடிய வடிய மண்ணுக்குள் காற்று இறங்கியது. மேல்மண்காரர்கள் கண் விழித்து இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள். மண்புழுக்கள், மாமியார் வீட்டில் நல்ல சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தன.

பூங்காரும் வேர்நுனியை இறக்கினாள். அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. அடித்தோகை மஞ்சளாகியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் மேல்தோகையும் பழுக்கும்.

வேர் வந்து தொடுவதற்கு முன்பே இரும்பையா செம்பாயியின் காதில் ஒரு யோசனை சொன்னான். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாம். பொதி கரைகிற பொருள்தான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நான் சாட்சி, இந்தத் தெருவே சாட்சி. நல்ல பொய். கொஞ்சம்கூட ஓட்டை இல்லாத பொய். செம்பாயி அவனைப் பார்த்தாள், பிறகு மிஞ்சிய பொதிகளை வேரின் முன்னால் நகர்த்திவைத்தாள். வேர் தடவியது. ஒன்று, இரண்டு. மூன்றாவது இடத்தில் ஒன்றும் இல்லை. குவியலைத் தடவியது; பாதிக் குவியல்தான்.

“மீதி எங்க?”

“நான் அவுத்துட்டேன். இதுல இருக்கிறதுக்கு மேல்மண்காரங்க ஒரு முடிச்சுப் போட்டுத் தந்திருவாங்க. போனது போனதுதான், திரும்பாது.”

நெல் அசையவில்லை. காற்றடித்தும் அசையவில்லை என்று பக்கத்து வயல்காரர்கள் பின்னால் சொன்னார்கள்.

“மூச்சு முட்டுதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, செம்பாயி.”

“கேக்கிறதுக்கும் மூச்சு வேணும் தாயி.”

பூங்கார், எத்தனை பிள்ளை தங்கியது என்று கேட்டாள். செம்பாயி சொன்னாள். எத்தனை போயிற்று என்று கேட்டாள். அதையும் சொன்னாள். தன் வயிற்றுக்குள் பாதி மணிக்குத்தான் சோறு இருக்கிறது என்பது அதற்குள் பூங்காருக்குத் தெரிந்துவிட்டது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி. மன்னித்தேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்று கேட்டாள்: இனியும் ஒரு வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?

வேறு யாராக இருந்தாலும் இனித் தொடமாட்டேன் என்று காலில் விழுந்திருப்பார்கள். செம்பாயி விழவில்லை.

“அவுப்பேன். இன்னிக்கு மாதிரியே அவுப்பேன். ஆனா மண்ணுல ஒரு இழை காத்து இருக்கிற வரைக்கும் இந்த இடுக்கி இடுப்பை விட்டு இறங்காது. என் பிள்ளைக்கும் சொல்லி வைப்பேன், அது பிள்ளைக்கும் சொல்லச் சொல்லுவேன்.”

பூங்கார் அந்த வாக்கை அப்படியே வாங்கிக்கொண்டாள். இனிக் காற்றைக் கொண்டுவர வேண்டியவன் யார் என்றுதான் அடுத்த கேள்வி. அவள் தலையைத் திருப்பி வரப்பைப் பார்த்தாள். கொம்பையா அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், காது வைத்துக் கேட்டபடி. நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றால் அவ்வளவு விளைச்சல் என்று நினைத்தேன், மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியாது என்று இழுத்தான். விருந்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மீசையில் ஒட்டியிருந்த பருப்பு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“தண்ணியில நிக்கிறவதான் நான்,” என்றாள் பூங்கார். “ஆனா எனக்குச் சோறு போடுறவங்க சேத்துக்குள்ள இருக்காங்க. அவங்க மூச்சு வாங்கினாத்தான் நான் சாப்பிட முடியும், நான் சாப்பிட்டாத்தான் நீ சாப்பிட முடியும். பாய்ச்சு, பிறகு காயவிடு. காலை வச்சா அடி பதியணும், ஆனா புதையக்கூடாது. அப்புறம் பாய்ச்சு.”

கொம்பையா தலையாட்டினான். அந்த வருஷம் அவன் களத்தில் பாதி நெல், பாதி பதர். தூற்றும்போது காற்றில் பறந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வருஷம் எத்தனை விருந்துக்கு அழைப்பு வந்தாலும் மடையை அடைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டான். பூங்கார் கதிர் சாய்ந்து நின்றாள்.

செம்பாயியும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அவள் வம்சம் இப்போது எத்தனை கோடி என்று சொல்ல முடியாது. காற்றிருக்கும் மண்ணில் ஒருத்தியும் இடுக்கியை எடுப்பதில்லை. தண்ணீர் தேங்கி மூச்சு நின்றுபோனால், யாரையும் கேட்காமல் எடுப்பாள். கேட்க வேண்டாம் என்று நெல்லே சம்மதித்த விஷயம் அது.

அன்று முதல்தான் தண்ணீர் தேங்கிய வயலில் சேற்றுக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்து உடைகிறது, போட்ட உரம் வானத்துக்குப் போகிறது, பயிர் மஞ்சளடிக்கிறது. அன்று முதல்தான் விவரம் தெரிந்த சம்சாரி, தன் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுகிறான்.

கேட்டாயிற்று அல்லவா? யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கொம்பையாவின் வாரிசுகள் இன்னமும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்து, எனக்கும் இலை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.